பாட்டின் கடைசியில் ஒரு பெயர்

கடம்பத்தூரில் அரக்கோணம் பக்கம் போகும் மின்சார ரயிலில் ஏறினால் செஞ்சி பனம்பாக்கம், மணவூர், அதற்கடுத்து திருவாலங்காடு. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குப் போனது இந்த வழியாகத்தான். இன்று இதில் போகிறவர்களில் பாதிப் பேர் காதில் இயர்போன் இருக்கும். கம்பெனி ஷிப்ட் முடித்து வருகிற ஒரு பெண்ணின் காதில், யாரோ ஒரு பெண் தனியாக, தன் துக்கத்தைத் தானே எழுதி, தானே மெட்டமைத்துப் பாடிக்கொண்டிருக்கலாம். சினிமா இல்லாத, கதாநாயகி இல்லாத பாட்டு. இளைஞர்கள் இதை ‘இண்டி’ என்கிறார்கள். பத்துப் பதினொரு பாட்டு, எல்லாவற்றிலும் ஒரே மனநிலை, ஒரே குரல், மேலே பாடியவளின் பெயர்.

நேற்று வந்த பழக்கம்போலத் தெரியும். தமிழில் இதற்குக் கிடைக்கும் மிகப் பழைய சாட்சி, அந்த ரயில் மூன்றாவதாக நிற்கும் ஊரில் இருக்கிறது.

காரைக்கால் அம்மையார் வாழ்ந்தது ஏறத்தாழ ஆறாம் நூற்றாண்டு என்பது ஆய்வாளர் பலரின் கணிப்பு. காரைக்காலில் வணிகக் குடும்பத்தில் பிறந்த புனிதவதி. மாங்கனி அற்புதத்தைக் கண்டு மிரண்ட கணவன் கப்பலேறிப் போய், பாண்டிய நாட்டில் வேறு பெண்ணை மணந்து, பிறந்த மகளுக்குப் புனிதவதி என்றே பெயரும் வைத்தான் என்று பெரிய புராணம் சொல்கிறது. தேடிப் போனவளின் காலில் அவன் குடும்பத்தோடு விழுந்தான். இனி இந்த அழகு யாருக்கு என்று கேட்டு, உடம்பின் சதையை உதறிப் பேய் வடிவம் வாங்கிக்கொண்டாள். கடைசியில் வந்து சேர்ந்த இடம் திருவாலங்காடு.

அவர் பாடியதாக நமக்குக் கிடைத்திருப்பவை 143 பாடல்கள். அற்புதத் திருவந்தாதியில் 101, திருஇரட்டை மணிமாலையில் 20, திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகங்கள் இரண்டிலும் பதினொன்று பதினொன்றாக 22. தேவாரம் பாடிய மூவருக்கும் முன்னால் பாடப்பட்டவை என்பதால் ‘மூத்த’ என்ற அடைமொழி. ஒரே இடம், ஒரே பண், பத்துப் பாட்டு, முடிவில் பாடியவர் பெயரோடு இன்னொன்று என்ற அந்தக் கட்டுமானம்தான் பின்னால் தேவாரத்துக்கு வழக்கமாயிற்று.

பதிகங்களின் களம் சுடுகாடு. கள்ளியும் எட்டியும் இலவமும் வளர்ந்த காடு. நரி, ஆந்தை, எரிந்து அடங்காத சிதை. ஒரு பாட்டில் பேய்த்தாய் ஒருத்தி வருகிறாள். குழந்தைக்குக் காளி என்று பெயரிட்டுச் சீராக வளர்க்கிறாள். மேலில் ஒட்டிய புழுதியைத் துடைத்துவிட்டு, பால் கொடுத்துவிட்டு எங்கோ போய்விடுகிறாள். தாய் திரும்பி வரக் காணாத குழந்தை அழுது அழுது அப்படியே தூங்கிப்போகிறது. அந்த இடத்தில்தான் இறைவன் ஆடுகிறான். தாய் ஏன் போனாள், திரும்பினாளா என்று பாட்டு சொல்வதில்லை. பிள்ளை பெறாமலே குடும்பத்தை உதறி வந்தவர் இதைப் பாடினார் என்பதை நினைத்துக்கொண்டு கேட்டால் சற்று நேரம் வேறெதிலும் மனம் ஓடாது.

இசை விஷயத்திலும் ஓர் ஆச்சரியம் உண்டு. முதல் பதிகத்துக்குரிய பண் நட்டபாடை, இன்றைய வழக்கில் கம்பீரநாட்டை. கச்சேரியில் விறுவிறுப்பாக ஆரம்பிக்க எடுத்துக்கொள்கிற ராகம். இரண்டாவது இந்தளம், அதை மாயாமாளவகௌளை என்று பாடுகிறார்கள். முகாரி இல்லை, அழுகை இழுப்பு இல்லை. சுடுகாட்டைப் பற்றிய பாட்டுக்கு எடுப்பான ராகம்.

பதிகத்தின் கடைசிப் பாட்டில் அவர் தம் பெயரைச் சொல்கிறார். ‘காரைக்கால் பேய்’ என்று. புனிதவதி என்ற வீட்டுப்பெயரும் இல்லை, யாருடைய மனைவி என்ற அடையாளமும் இல்லை. ஊரும், தானே கேட்டு வாங்கிய உருவமும் மட்டும். கங்கைகொண்ட சோழபுரத்தில் ஆடும் சிவனின் பக்கத்தில் எலும்பும் தோலுமாக அவர் உட்கார்ந்திருக்கிறார். கம்போடியாவில் பன்தே ஸ்ரேய் கோயிலின் சிற்பத்திலும் இருக்கிறார். நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்திலுள்ள சோழர் காலச் செம்புத் திருமேனியில் கையில் தாளத்தோடு வாய் திறந்து பாடிக்கொண்டிருக்கிறார்.

பாட்டோடு பெயரும் நிலைக்கும் அந்த வாய்ப்பு எல்லாப் பெண்ணுக்கும் அமையவில்லை. தேவாரப் பதிகங்களின் பண் மறந்துபோனபோது, ராஜராஜ சோழன் காலத்தில் அவற்றை மீட்டு வகுத்துத் தந்தவள் எருக்கத்தம்புலியூரில் இருந்த ஒரு பெண், திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்தவள் என்று திருமுறை கண்ட புராணம் சொல்கிறது. குலத்தையும் ஊரையும் சொன்ன புராணம் அவள் பெயரைச் சொல்லவில்லை.

ஒப்பாரிக்கும் அதே கதி. திருவள்ளூர் பக்கக் கிராமங்களில் சாவு விழுந்தால் பெண்கள் தோளில் கை போட்டு, தலையோடு தலை சேர்த்து, வட்டமாக உட்கார்ந்து அசைந்தபடி அழுவார்கள். செத்தவரின் பெருமை, பிறந்த வீட்டுச் சீர், விட்டுப்போன பிள்ளைகள் என்று வரிகள் வளரும். இடையிடையே அழுகிறவளின் சொந்தக் குறையும் நுழைந்துவிடும். மாமியார் கொடுமையையும் அண்ணன் கைவிட்டதையும் வேறெந்த நாளிலும் வாய்விட்டுச் சொல்ல முடியாதவள், அன்றைக்கு ராகம் போட்டே சொல்லிவிடலாம். யாரும் தடுக்க மாட்டார்கள். அந்தப் பாட்டுக்கு இயற்றியவர் என்று யாரும் இல்லை. கேட்கவென்று தனியாக ஆளும் இல்லை, கேட்கிறவளும் சேர்ந்து அழுதாக வேண்டும். பிணம் எடுத்ததும் பாட்டு முடிந்துவிடும். அடுத்த சாவு வரைக்கும் அதை வாய்விட்டுச் சொன்னால் அபசகுனம்.

துக்கக் குரலைச் சாவு வீட்டிலிருந்தும் கோயிலிலிருந்தும் பிரித்து, ஒரு மேஜைமேல் வைத்துத் தனியாகக் கேட்க வைத்தது கிராமபோன்.

1902 நவம்பரில் கிராமபோன் கம்பெனியின் பிரெட் கைஸ்பர்க் கல்கத்தாவில் ஒலிப்பதிவு செய்தபோது, பாடியவர்களில் கௌஹர் ஜான் பெரும் புகழ் பெற்றார். மூன்று நிமிடத்துக்குள் பாடி முடித்து, ‘என் பெயர் கௌஹர் ஜான்’ என்று ஆங்கிலத்தில் உரக்கச் சொல்லுவார். அது தற்பெருமை இல்லை. தட்டு அச்சாவது ஜெர்மனியின் ஹனோவரில். அங்கே எந்தத் தட்டில் யார் பெயரை ஒட்டுவது என்று தெரிய வேண்டும். தொழிற்சாலையின் வசதிக்காக வந்த வழக்கம், பதிகத்தின் கடைசிப் பாட்டு செய்த வேலையைச் செய்தது.

தமிழ்நாட்டில் முதலில் இசைத்தட்டுக்குப் பாட முன்வந்தவர்களில் தேவதாசி மரபுப் பெண்கள் முக்கியமானவர்கள். சேலம் கோதாவரி, காஞ்சிபுரம் தனகோடி, பெங்களூர் நாகரத்தினம்மாள், கோயம்புத்தூர் தாயி. வித்வான்கள் பலர் இயந்திரத்தைக் கண்டு தயங்கிய காலத்தில் இவர்கள் ஒலிப்பதிவுப் புனலுக்கு எதிரே நின்று பாடினார்கள். பெயருக்கு முன்னால் ஊர் இருக்கும், தகப்பன் பெயரோ கணவன் பெயரோ இருக்காது. ‘காரைக்கால்’ என்ற அதே முறை.

இவர்களில் தாயியின் கதை தனி. 1872-இல் பிறந்து 1917-இல் மறைந்தவர், சென்னையில் வாழ்ந்தவர். பாரிஸில் ராவெலிடம் பயின்ற மொரிஸ் தெலாழ் என்ற இசையமைப்பாளர் 1912-இல் இந்தியா வந்தார். தாயியின் தட்டுகளில் மனம் பறிகொடுத்தார். ராமலிங்க சுவாமிகளின் அருட்பாவைத் தாயி பாடிய தட்டை வைத்து ‘ராகமாலிகா’ என்று பியானோவுக்கு ஓர் இசை எழுதினார். அதில் ஒரு சுரத்தின் தந்திக்கடியில் அட்டைத் துண்டைச் செருகச் சொல்லியிருக்கிறார். பியானோவின் கணீர் ஓசை மங்கி மத்தளம் போலக் கேட்க வேண்டும் என்பதற்காக. தட்டில் கேட்ட ஒரு பெண் குரலுக்காக பாரிஸில் பியானோவின் வயிற்றில் கை வைத்தார்கள்.

அந்தத் தட்டுகளில் மெல்லிய குரல் பதியாது. ஓசையே ஊசியை அசைத்து மெழுகில் கீறியாக வேண்டும் என்பதால் புனலுக்குள் உரக்கப் பாடினார்கள். 1925-க்குப் பிறகு மைக் வந்தது. காதோடு முணுமுணுக்கும் துக்கம் இசைத்தட்டில் ஏறியது அதற்கப்புறம்தான்.

மைக் வந்த பிறகும் புனல் காலத்துக் குரலோடு நின்றவர் கே.பி. சுந்தராம்பாள். கொடுமுடியில் 1908-இல் பிறந்தவர். கே என்பது கொடுமுடி, பி என்பது தாய் பாலாம்பாள். வறுமையில் ரயிலில் பாடிக் காசு வாங்கிய சிறுமி என்று அவர் வாழ்க்கை வரலாற்றில் சொல்வார்கள். நாடகக் கொட்டகையில் கடைசி வரிசை வரை மைக் இல்லாமல் எட்டிய குரல். இலங்கையில் நாடக நடிகர் எஸ்.ஜி. கிட்டப்பாவோடு சேர்ந்து நடித்தார், 1927-இல் மணந்தார். 1933 டிசம்பர் 2 அன்று கிட்டப்பா 27 வயதில் இறந்தார். சுந்தராம்பாளுக்கு அப்போது 25. வெள்ளைக் கதர்ப் புடவைக்கு மாறினார், ஆயுள் முழுக்க மாற்றவில்லை. ஆண் நடிகரோடு ஜோடி சேர்வதில்லை என்று முடிவு செய்தார். 1935-இல் ‘பக்த நந்தனார்’ படத்தில் நந்தனாராகவே ஆண் வேடம் போட்டார். லட்ச ரூபாய் சம்பளம் என்று நாடே பேசியது.

அவர் பாடியது பெரும்பாலும் பக்தியும் தேசியமும்தான். ஆனால் தட்டு வாங்கியவர்கள் கேட்டது பாட்டை மட்டுமல்ல. வெள்ளைப் புடவையையும் சேர்த்தே கேட்டார்கள். பாடுகிறவளின் வாழ்க்கையையும் பாட்டையும் ஒன்றாக வைத்துக் கேட்கும் பழக்கம், இன்றைய சோக ஆல்பங்களை விற்கிற அதே பழக்கம், தமிழில் அவரோடு ஊன்றிப்போனது. 1973-இல் ஏ.பி. நாகராஜன் ‘காரைக்கால் அம்மையார்’ எடுத்தபோது இளம் புனிதவதியாக லட்சுமி நடித்தார். பேய் வடிவம் கொண்ட அம்மையாராக, கணவனை இழந்து நாற்பது ஆண்டுகள் கழிந்த சுந்தராம்பாள் திரையில் நின்றார்.

பிறகு சினிமாவே எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டது. சோகம் கதாநாயகிக்குரியது, குரல் பின்னணிப் பாடகியுடையது. இலங்கை வானொலி அறிவிப்பாளர்கள் படம், பாடலாசிரியர், இசையமைப்பாளர், பாடியவர் என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னதால் பெயர்கள் மனசில் பதிந்தன. எண்பதுகளில் கேசட் வந்தது. டவுனுக்கு டவுன் ரெக்கார்டிங் சென்டர். வெற்றுக் கேசட்டையும் பாட்டுப் பட்டியலையும் கொடுத்தால் இரண்டு நாளில் ‘சோகப் பாடல்கள்’ தயார். அட்டையில் கடைக்காரர் பால்பாயின்ட் பேனாவில் படத்தின் பெயரை எழுதித் தருவார். பாடியவர் பெயர் எழுத அந்தக் கோட்டில் இடம் இருக்காது. ‘கருத்தம்மா’ படத்தில் பொன்னுத்தாயி பாட்டுக்காக 1994-ஆம் ஆண்டுக்கான தேசிய விருது பெற்ற ஸ்வர்ணலதாவின் பெயர், அவர் 2010-இல் 37 வயதில் இறந்த பிறகே பலருக்குச் சரியாகத் தெரிந்தது.

இந்தக் கதையின் சமீபத்திய அத்தியாயம் இதே ரயில் பாதையில், அரக்கோணத்தில். 2021 மார்ச்சில் ‘என்ஜாய் எஞ்சாமி’ வெளியானது. பாடியவர்கள் ஆஸ்திரேலியாவில் வளர்ந்த தீயும் அரக்கோணத்து அறிவும். தயாரிப்பு சந்தோஷ் நாராயணன். துள்ளலாகத் தொடங்கும் பாட்டின் பிற்பகுதி ஒப்பாரியின் சாயலுக்கு இறங்குகிறது. அதில் வருகிற வள்ளியம்மாள் அறிவின் பாட்டி. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் கூலி வேலை பார்த்து, ஊர் திரும்பியபோது ஒரு காணி நிலமும் இல்லாதவர். காணொளியில் அவரே உட்கார்ந்திருக்கிறார். சாவு வீட்டு வட்டத்தைத் தாண்டாத பெண்களின் மெட்டு, கோடிக்கணக்கானோரின் போனில் ஒலித்தது.

உடனே பெயர்ச் சண்டையும் வந்தது. அந்த ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் தீ இருந்தார், அறிவு இல்லை. எதிர்ப்பு கிளம்பியதும் அறிவுக்குத் தனியாக ஓர் அட்டை வந்தது. 2022 ஜூலையில் மாமல்லபுரம் செஸ் ஒலிம்பியாட்டின் தொடக்க விழாவில் தீயோடு கிடாக்குழி மாரியம்மாள் பாடினார். அறிவு மேடையில் இல்லை. எழுதியது யார், மெட்டமைத்தது யார் என்று அறிவு ஒரு பக்கமும் சந்தோஷ் நாராயணனும் தீயும் இன்னொரு பக்கமும் பகிரங்கமாக அறிக்கை விட்டார்கள். தாத்தா பாட்டிகளிடமிருந்து வந்த துக்கத்துக்கு உரிமை யாருக்கு என்ற கேள்வியை ஒப்பந்தக் காகிதம் எதுவும் தீர்க்கவில்லை.

2024-இல் அறிவு தன் சுயாதீன ஆல்பத்தை வெளியிட்டார். அதன் தலைப்பு ‘வள்ளியம்மா பேராண்டி’.