நியாயமற்ற ஆதாயம்: கொடுத்ததைத் திரும்பக் கேட்கும் சட்டம்

ஒப்பந்தம் இல்லை, குற்றமும் இல்லை. ஆனாலும் ஒருவர் பொருள் இன்னொருவர் கைக்குப் போய்விட்டது. அதை மீட்க வழிசொல்வதே நியாயமற்ற ஆதாயம் பற்றிய சட்டம். எண் மாறி வேறொருவர் வங்கிக் கணக்கில் ஏறிய பணம் இதற்கு அன்றாட உதாரணம்.

பிறர் நட்டத்தில் எவரும் செல்வம் சேர்க்கலாகாது என்ற ரோமானியச் சட்ட அறிஞர் பொம்போனியஸின் கருத்து, 6ஆம் நூற்றாண்டில் பேரரசர் ஜஸ்டினியன் தொகுப்பித்த சட்டத்திரட்டில் இடம்பெற்றது. ஆனால் ரோமானியர் அதைப் பொது விதியாக்கவில்லை. கடன் இருப்பதாக நினைத்துக் கட்டிய பணம், நடக்காமற்போன காரியத்துக்குக் கொடுத்த பணம் என்று வகைவகையாகவே வழக்குக்கு இடம் தந்தனர். ரோமன்-டச்சுச் சட்டம் வழியாக அந்த வகைகள் இலங்கைக்கும் வந்தன.

பிரான்ஸில் பொது விதி பிறக்கக் காரணம் உரம். ஒரு குத்தகை விவசாயிக்கு வியாபாரி ஒருவர் உரம் விற்றிருந்தார். பணம் வரவில்லை. குத்தகை பாக்கியால் விவசாயி வெளியேற, பயிர் நிலச் சொந்தக்காரருக்குப் போனது. வியாபாரி நிலச் சொந்தக்காரர்மீதே வழக்குப் போட்டார். இருவருக்கும் எந்தக் கொடுக்கல் வாங்கலும் கிடையாது. ஆனால் உரத்தின் பலன் அவர் வயலில்தானே நின்றது! 1892இல் வியாபாரி வென்றார். அந்த விதி சிவில் சட்டத்தில் எழுத்தாக ஏறியது 2016இல்தான்.

1900இல் அமலான ஜெர்மன் சிவில் சட்டத்தின் 812ஆம் பிரிவு, சட்டக் காரணமின்றிப் பெற்றதைத் திருப்பித் தரச் சொல்கிறது. அதன்கீழ் வந்த ஒரு வழக்கில், வயது நிரம்பாத ஓர் இளைஞர் டிக்கெட் இல்லாமல் நியூயார்க்குக்குப் பறந்திருந்தார். பயணம் முடிந்தபின் தன்னிடம் ஆதாயம் எதுவும் மிஞ்சவில்லை என்பது அவர் வாதம். உரிமையில்லை என்று தெரிந்தே ஏறியவருக்கு அந்தச் சாக்கு உதவாது என்றது 1971ஆம் ஆண்டுத் தீர்ப்பு.

இங்கிலாந்தில் மான்ஸ்ஃபீல்ட் பிரபு 1760இலேயே இந்த நியாயத்தைப் பேசிவிட்டார். பின்வந்த நீதிபதிகளோ, பணம் பெற்றவர் அதைத் திருப்பித் தருவதாக வாக்களித்ததாகப் பாவித்தே காலம் தள்ளினர். வழக்கறிஞர் நிறுவனத்தின் பங்காளி ஒருவர் கட்சிக்காரர் பணத்தைச் சூதாட்ட விடுதியில் தொலைத்த வழக்கில், 1991இல்தான் பிரபுக்கள் சபை இக்கொள்கையை வெளிப்படையாக ஏற்றது. அங்கே இன்றும் வாதிதான் தவறு, மிரட்டல் போன்ற காரணம் காட்டவேண்டும்.

இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872இலேயே 68 முதல் 72 வரையிலான பிரிவுகளில் இதற்கு வழி வகுத்திருந்தது. வங்காள அரசுக்காகக் கொட்டகைகள் கட்டிய ஒப்பந்ததாரரிடம் முறைப்படியான ஒப்பந்தம் இல்லை. வேலையை ஏற்று அனுபவித்த அரசு அதற்குரிய தொகையைத் தரவேண்டும் என்று 70ஆம் பிரிவின்கீழ் 1961இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

மஃபத்லால் நிறுவனத்தின் வழக்கில் அதே நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு இக்கொள்கையையே வரி கட்டியவர்மீது திருப்பியது. தவறாக வசூலித்த கலால் வரியானாலும், விலையில் ஏற்றி வாங்குவோர் தலையில் கட்டிவிட்ட உற்பத்தியாளர் அதைத் திரும்பப் பெறமுடியாது. அந்தப் பணம் நுகர்வோர் நல நிதிக்குப் போகிறது. கடையில் கூடுதல் விலை கொடுத்தவர் கைக்கு நேரே வருவதில்லை.