ஆங்கிலத்தை அளந்த கோல்கள்

சாதாரணதரப் பரீட்சையின் பெறுபேறு வெளிவரும் நாளில் எமது ஊரிலே முதலிற் கேட்கப்படும் கேள்வி கணிதத்தைப் பற்றியது. இரண்டாவது கேள்வி, "இங்கிலீசுக்கு என்ன?" என்பது. ஓரெழுத்தைச் சொன்னால் கேட்டவர் திருப்தியுடன் போய்விடுகின்றார். அந்த ஓரெழுத்து எதை அளந்தது என்று கேட்பார் இல்லை. அதனைச் சற்று வரலாற்று முகமாக ஆராய்ந்து பார்க்கும் எண்ணத்துடனேயே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

யாழ்ப்பாணத்தைப் பொறுத்தவரையில் இக்கதையை வட்டுக்கோட்டையிலிருந்து தொடங்குவது பொருத்தமாகும். 1823 ஆம் ஆண்டில் அமெரிக்க மிஷனரிமார் அங்கே ஒரு செமினரியை நிறுவினர். தானியேல் பூவர் அதன் முதல் அதிபர். தமிழும் ஆங்கிலமும் கணிதமும் விஞ்ஞானமும் அங்கே கற்பிக்கப்பட்டன. அக்காலக் குடியேற்ற நாட்டுச் செயலாளராயிருந்த எமேசன் தெனந்து என்பார், 1850 இல் வெளியிட்ட நூலிலே, அதன் தரம் ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றோடு ஒப்பிடத்தக்கது என்று எழுதினார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளான சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும் அங்கே பயின்றவர்களே. மாணாக்கர் விடுதியிலே தங்கிப் படித்தனர். கற்பித்தவரே அளப்பவராயும் இருந்தார். மாணாக்கனின் வாய்ப்பேச்சு காலை முதல் இரவு வரை அவர் காதிலே விழுந்துகொண்டிருந்தது. செமினரி 1855 இல் மூடப்பட்டது.

அதன்பின் அளவுகோல் கடலுக்கு அப்பாற் போயிற்று. 1880 இல் கேம்பிரிட்ஜ் உள்ளூர்ப் பரீட்சைகள் இலங்கைக்கு வந்தன. 1882 இல் இலண்டன் பல்கலைக்கழகப் பரீட்சைகள் வந்தன. வினாத்தாள் கப்பலில் வந்தது. விடைத்தாள் கப்பலிற் போயிற்று. கப்பலேறக் கூடியது கடதாசி மாத்திரமே, குரல் கப்பலேறாது. ஆகவே இலக்கணமும் கட்டுரையும் இலக்கியமும் அளக்கப்பட்டன, அளக்கப்பட்டவை கற்பிக்கப்பட்டன. மிஷன் கல்லூரியென்ன, 1890 இல் உருவான யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியென்ன, காலப்போக்கில் எல்லாம் அந்த ஒரே கோலின் கீழ் வந்தன. உத்தியோகம் அதிலே தங்கியிருந்தபடியால் கோல் சரியா பிழையா என்று விசாரிக்க ஒருவருக்கும் அவகாசம் இருக்கவில்லை.

இதிலே கவனிக்கவேண்டிய விடயம் ஒன்றுண்டு. ஆங்கிலேயப் பிள்ளைக்கென இயற்றப்பட்ட பரீட்சையை எமது பிள்ளை எழுதிற்று. ஆங்கிலத்தை அயல்மொழியாகக் கற்பவருக்கெனத் தனிப் பரீட்சையொன்றைக் கேம்பிரிட்ஜ் 1913 இலேதான் ஏற்படுத்தியது. மொழிபெயர்ப்பு, இலக்கணம், கட்டுரை, இலக்கியம், ஒலியியல் என எல்லாமாகப் பன்னிரண்டு மணித்தியாலம் அது நடந்தது. முதலாண்டிலே தோற்றியவர் மூவர், மூவரும் சித்தியெய்தவில்லை! ஆயினும் அதிலே வாய்மொழிப் பரீட்சையும் இருந்தது. சொல்வதெழுதுதல், உரக்க வாசித்தல், உரையாடல் என்பன அதன் உறுப்புகள்.

அது மிக உயர்ந்த படி. மொழியை ஓரளவு கற்றுத் தேறிய இடைநிலை மாணாக்கனுக்கு ஒரு கோல் வேண்டுமே என்ற எண்ணம் பின்னரே எழுந்தது. 1939 இல் கீழ்நிலைச் சான்றிதழ்ப் பரீட்சை தொடங்கப்பட்டது. அதிலும் மாணாக்கனைப் பேசவைத்துக் கேட்டனர். பேச்சுக்குப் புள்ளியிடுவதிலே உள்ள தொல்லையை நன்குணர்ந்தவர் கேம்பிரிட்ஜில் அப்பொறுப்பை வகித்த ஜாக் றோச். ஒரே மாணாக்கனின் பேச்சைக் கேட்ட இரு பரீட்சகர் ஒரே புள்ளியை இடுவாரா? அவரவர் மனத்திலுள்ள தராதரத்தை எவ்வாறு ஒருமைப்படுத்துவது? இக்கேள்விகளை ஆராய்ந்து 1945 இல் அவர் ஓர் அறிக்கை எழுதினார். தொல்லை இருக்கிறது என்பதற்காக வாய்மொழிப் பரீட்சையை அவர்கள் கைவிட்டு விடவில்லை. 1975 இல் அது முதற் சான்றிதழ்ப் பரீட்சை எனப் பெயர் மாறியபோது கேட்டலுக்கும் தனித்தாள் சேர்ந்தது. 2001 இல் ஐரோப்பிய மன்றம் வெளியிட்ட ஆறுபடி அளவீடோ, மாணாக்கன் எத்தனை விதி அறிந்திருக்கிறான் என்று கேட்பதை விட்டு, மொழியைக் கொண்டு அவனால் என்ன செய்ய முடியும் என்று கேட்கின்றது.

அங்கே இவ்வாறிருக்க, இங்கே நடந்ததென்ன? 1945 இல் இலவசக் கல்வியோடு ஆரம்ப வகுப்புகள் தாய்மொழிக்கு வந்தன. 1953 இல் ஆறாம் வகுப்பிலிருந்து தாய்மொழிப் போதனை மேலேறத் தொடங்கியது. 1960 இல் பல்கலைக்கழகக் கலைப்பீடத்தை எட்டியது. ஊர்ப் பிள்ளைகளுக்கு உயர்கல்வியின் கதவைத் திறந்த மாற்றம் அது. அதனை நாம் குறை கூற வரவில்லை. ஆனால் ஆங்கிலம் போதனாமொழி என்ற நிலையினின்று இறங்கி ஒரு பாடமாயிற்று. வீட்டிலும் கடையிலும் அதனைக் கேளாத பிள்ளை வகுப்பறையிலே மாத்திரம் கேட்கலாயிற்று. பேச்சை அளக்கும் தேவை முன்னையிலும் அதிகரித்த காலம் அது. அவ்வேளையிலும் எழுத்துத்தாளின் ஆட்சியே நீடித்தது.

எமது அநுபவத்தையும் சொல்லவேண்டும். மிஷன் பாடசாலையிலே கற்ற நாம் சாதாரணதர ஆங்கிலத்தில் 'ஏ' பெற்றோம். இரண்டு தாள் எழுதினோம். ஒரு வார்த்தையும் பேசும்படி எவரும் எம்மைக் கேட்கவில்லை. பல்கலைக்கழகத்தில் முதல் வாரம் விரிவுரையாளரிடம் ஐயமொன்றைக் கேட்க எழுந்து, வினைச்சொல்லின் காலத்தை மனத்திலே திருத்திக்கொண்டிருக்கையில், அவர் அடுத்த பகுதிக்குப் போய்விட்டார். எம்மோடு ஒன்றாக விளையாடி வளர்ந்த நண்பரொருவர் அயற்பாடசாலையிற் படித்தவர், ஆங்கிலத்திற் சித்தியடையவில்லை. அவரோ கனடாவிலிருக்கும் தமக்கையின் பிள்ளைகளுடன் தொலைபேசியில் ஆங்கிலத்திலே சண்டை பிடிப்பார், பகிடி விடுவார், சமாதானமும் செய்வார். எழுத்தில் அவர் பிழைவிடுவது உண்மை; அந்தக் குறையைத் தாள் சரியாகவே கண்டது. எமது குறையை அது காணவில்லை. இன்று பெறுபேற்றுத் தாளைக் கையிலேந்தி வேலை கேட்கப் போகும் இடமெல்லாம் அவர் ஆங்கிலம் தெரியாதவர், நாம் தெரிந்தவர்.

இதை மனத்திற்கொண்டு எமது சங்கத்தின் மாலை வகுப்பிலே பத்தாந்தர மாணாக்கரை ஒவ்வொருவராய் அழைத்துப் பேசவைத்தோம். ஓய்வுபெற்ற ஆசிரியப் பெரியார் இருவர் ஒருவர் இட்ட புள்ளியை மற்றவர் பாராமற் கேட்டிருந்தனர். தன் வீட்டுக் கிணறு இறைத்த கதையைச் சொன்ன பிள்ளையொன்றுக்கு ஒருவர் பத்துக்கு ஏழும் மற்றவர் நாலும் இட்டனர். விசாரித்தபோது, "கதை முழுக்க எனக்கு விளங்கிச்சுது" என்றார் ஏழிட்டவர். "இறந்தகாலம் ஒன்றும் சரியில்லைத் தம்பி" என்றார் நாலிட்டவர். றோச் 1945 இல் எழுதிய தொல்லை எமது சங்கத்து வாங்கிலே வந்து குந்தியிருந்தது.

இருவரும் தேநீர் அருந்தியபடி அரைமணி நேரம் வாதாடினர். எதற்கு எத்தனை புள்ளி என்பதை முதலில் எழுதி வைத்துக்கொண்டு, வரும் ஞாயிற்றுக்கிழமை அதே பிள்ளைகளை மறுபடியும் கேட்பதென்று தீர்மானமாயிற்று. அந்தப் பிள்ளையும் வருகிறேன் என்றிருக்கிறது.