மரைக்காரின் சொல் எட்டும் தூரம்

இலங்கையின் கிழக்கே கல்முனைக்குடி, சாய்ந்தமருது, அக்கரைப்பற்று என்று நீளும் கரையோர முஸ்லிம் ஊர்களில், எந்தச் சட்டசபையும் இயற்றாத ஒரு நிர்வாகம் நெடுங்காலம் நடந்து வந்திருக்கிறது. பிள்ளை தாயின் குடியை, அதாவது தாய்வழிக் குலத்தைச் சேரும். ஒரே குடிக்குள் கலியாணம் இல்லை. வீடு மகளுக்குச் சீதனமாகப் போகும், மாப்பிள்ளை அங்கே வந்து இருப்பார். குடிக்கொரு தலைவர், அவரே மரைக்கார், மரைக்கார்மார் கூடினால் அதுதான் பள்ளிவாசல் சபை. வேலிச் சண்டையும் புருஷன் பெண்சாதி பிணக்கும் அங்கேதான் தீரும். சபையிடம் பொலிஸும் இல்லை, சிறையும் இல்லை, இருந்ததெல்லாம் ஊர்விலக்கு. விலக்கப்பட்டவன் வீட்டுக் கலியாணத்துக்கு ஆள் வராது, ஜனாஸா தூக்க ஊர் கூடாது என்ற அச்சமே போதுமாக இருந்தது. அரசே வேண்டாம் என்று வாதிடுவோருக்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது. ஆனால் குடியும் வீடும் பெண்வழி வந்த இந்த ஊர்களில், மரைக்கார் சபையில் ஒரு பெண்ணும் உட்காரவில்லை என்பதையும் அவர்கள் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இந்த அதிகாரம் உறவிலிருந்து பிறந்தது. எனக்குப் பெண் கொடுக்கவும் என் ஜனாஸாவைச் சுமக்கவும் வேண்டியவர்கள் என்னை ஒதுக்கினால்தான் எனக்கு வலிக்கும். பெண் எடுக்காத, பள்ளிக்கு வராத அந்நியனை எதைக் கொண்டு கட்டுப்படுத்துவது? அவனோடும் ஒத்துப்போன இடம் உண்டு, அது வட்டை என்ற வயல்வெளி. தமிழரின் காணியும் முஸ்லிம்களின் காணியும் ஒரே வாய்க்காலில் நீர் குடித்தன. விதைப்பு நாள், மாடுகளை அகற்றும் நாள், நீர் திறக்கும் முறை எல்லாம் போகத்துக்கு முன் கூடிப் பேசித் தீர்மானமாகும். அதைக் காவல் செய்த வட்டை விதானைக்கு விவசாயிகள் நெல்லாகவே கூலி அளந்தார்கள்.

அப்படியானால் வழக்கமே போதும் என்று சொல்லிவிடலாமா? 1832இல் ஆங்கிலேயர் இராஜகாரியம் என்ற கட்டாய ஊழியத்தை ஒழித்தனர். கட்டாய வேலை போனது நல்லதே. ஆனால் இலங்கையின் பல பகுதிகளில் குளமும் வாய்க்காலும் திருத்த ஆளில்லாமல் தூர்ந்தன. வேலைக்கு வராதவனும் அதே நீரை எடுத்தான். 1856இல் ஆளுநர் ஹென்றி வார்ட் காலத்து நெற்காணி நீர்ப்பாசனச் சட்டம் பழைய வழக்கங்களுக்கே தண்டிக்கும் பலத்தைக் கொடுத்தது. மட்டக்களப்புப் பகுதி அதை முதலில் ஏற்ற இடங்களில் ஒன்று. விதியை விவசாயியே சொன்னான், மீறியவனிடம் தண்டம் வாங்கும் கை மட்டும் அரசுடையது. வழக்கத்துக்குப் பின்னால் கண்டி மன்னனோ உள்ளூர்த் தலைவனோ முன்பும் நின்றிருந்தான் என்பதால், இதை அரசற்ற சமூகம் என்பதைவிட அரசு எட்ட நின்ற சமூகம் என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

எட்ட நிற்கும் அரசே தொல்லை என்று மறுப்பவர்களின் வாதத்தில் நியாயம் இல்லாமலில்லை. 2004 டிசம்பர் 26இல் சுனாமியாகக் கடல் புகுந்தபோது ஜனாஸாக்களைத் தேடி அடக்கியதும் அகதிகளுக்குச் சோறாக்கியதும் பள்ளிவாசல்களும் அயலூராரும்தான். மாவட்டச் செயலகமான கச்சேரி உள்நாட்டில், அம்பாறை நகரில் இருந்தது. பிறகு சவூதி நிதியில் அக்கரைப்பற்று நுரைச்சோலையில் எழுந்த 500 வீடுகள், யாருக்கு என்ற இன வீத வழக்கில் சிக்கி ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடந்தன. கட்டிய வீட்டையே கொடுக்க முடியாத அரசு எதற்கு என்று கேட்கலாம். ஆனால் அது இனங்களுக்கிடையிலான பிணக்கு. அதைத் தீர்க்க எந்த ஊர்ப் பள்ளிவாசல் சபையின் சொல்லை மற்ற இனத்தார் ஏற்றிருப்பார்கள்? இந்த இடத்தில் அரசு தவறியது உண்மை, அதற்கு மாற்றாக நிற்க வழக்கத்தால் இயலாது என்பதும் அதே அளவு உண்மை.

கரையோர மக்களும் ஏறக்குறைய இப்படித்தான் கணக்குப் போட்டார்கள் போலும். சாய்ந்தமருதுப் பள்ளிவாசலின் ஆதரவோடு 2018 உள்ளூராட்சித் தேர்தலில் சுயேச்சைக் குழுவொன்று இறங்கி, அந்த ஊரில் பெருங்கட்சிகளை வீழ்த்தியது. ஊரையே ஒரு சொல்லில் திரட்ட முடிந்தவர்கள் கேட்டது அரசிடமிருந்து விடுதலையை அல்ல, கல்முனை மாநகர சபையிலிருந்து பிரிந்த தனி உள்ளூராட்சி சபையை. 2020 பெப்ரவரியில் அதற்கு வர்த்தமானி வெளியாகி, சில நாட்களிலேயே நிறுத்தி வைக்கப்பட்டது.