ஸ்ரீபெரும்புதூர் போனும் பூஜ்ய வரியும்

ஸ்ரீபெரும்புதூர் என்றால் முன்பெல்லாம் ராமானுஜர் பிறந்த ஊர். 2006ல் நோக்கியா ஆலை திறந்த பிறகு அது செல்போன் ஊர் ஆனது!

ஆனால் கதை அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 1996 டிசம்பரில் சிங்கப்பூரில் கூடிய உலக வர்த்தக அமைப்பு மாநாட்டில் தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தம் உருவானது. 1997ல் இந்தியாவும் சேர்ந்தது. கணினி, சிப், தொலைத்தொடர்புக் கருவிகள் மீதான இறக்குமதி வரியைப் படிப்படியாகப் பூஜ்யமாக்க வேண்டும். பல வருடங்களாக சிப் செய்து பழகிய நாட்டுக்கும், அப்போதுதான் கற்றுக்கொண்டிருந்த நாட்டுக்கும் ஒரே விதி. காகிதத்தில் பார்த்தால் இது சமத்துவம்தான்!

விளைவு? விலையுயர்ந்த பாகங்கள் வெளிநாட்டிலிருந்து வந்தன. அவற்றைப் பொருத்தி, சோதித்து, பெட்டியில் போடுவதுதான் இங்கே நடந்தது. உச்சத்தில் சுமார் 8,000 பேருக்கு நேரடி வேலை கிடைத்தது. பிளஸ் டூ முடித்த கிராமத்துப் பெண்கள் பலருக்கு அதுதான் முதல் சம்பளம். அதைக் குறைத்து மதிப்பிட முடியாது. ஆனால் தொழில்நுட்பம் பின்லாந்திலேயே இருந்தது.

அந்த மென்பொருளுக்காகத் தாய் நிறுவனத்துக்கு அனுப்பிய பணத்தில் வரி பிடிக்கவில்லை என்று 2013ல் வருமான வரித்துறை சுமார் 2,000 கோடி ரூபாய் கேட்டது. நோக்கியா மறுத்தது. 2014ல் கைபேசிப் பிரிவு மைக்ரோசாப்ட் கைக்குப் போனபோது, வழக்கில் சிக்கிய இந்த ஆலை சேரவில்லை. 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தி நின்றது. பக்கத்திலிருந்த பாக்ஸ்கானும் டிசம்பரில் மூடியது. வரித் தகராறு 2018ல் இரு நாட்டு அரசுகளும் பேசித் தீர்ந்தது. வேலை போனவர்களுக்காகப் பேச எந்த நாட்டு அரசும் உட்காரவில்லை.

ஒரகடத்தில் இதன் மறுபக்கம். தமிழக அரசு 2008 ஒப்பந்தப்படி சலுகைத் தொகையைத் தரவில்லை என்று நிசான், இந்திய-ஜப்பான் ஒப்பந்தத்தைக் காட்டி 2017ல் சர்வதேசத் தீர்ப்பாயத்துக்கே போனது! கேட்டது 5,000 கோடிக்கும் மேல். 2020ல் சமரசம் ஆனது.

2017 ஜூலையில் இந்தியா செல்போனுக்கு 10 சதவீத வரி போட்டது, பிறகு 20 ஆக்கியது. உள்நாட்டில் ஆலைகள் பெருகின. ஐரோப்பிய ஒன்றியம், ஜப்பான், தைவான் மூன்றும் வழக்குப் போட்டன. 2023 ஏப்ரலில் உலக வர்த்தக அமைப்பின் குழு இந்தியாவுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது.

மூடிக்கிடந்த நோக்கியா ஆலையை சால்காம்ப் நிறுவனம் வாங்குவதாக 2019ல் அறிவிப்பு வந்தது. சால்காம்ப் பின்லாந்தில் பிறந்தது, இப்போது சீன நிறுவனத்துக்குச் சொந்தம். செய்வது சார்ஜர்.