கைக்கூலியும் நாட்டின் வளமும்: வரலாறு தரும் சாட்சியங்கள்

ஹிஜ்ரி 578ஆம் ஆண்டு துல்கஃதா மாத இறுதியில் (கி.பி. 1183, மார்ச்), கிரனாடாவிலிருந்து ஹஜ்ஜை நாடிப் புறப்பட்ட இப்னு ஜுபைர் எகிப்தின் இஸ்கந்தரிய்யா துறைமுகத்தை அடைந்தார். கப்பல் கரை சேர்ந்ததும் அரசு அலுவலர்கள் ஏறி வந்தனர். பயணிகள் ஒவ்வொருவரின் பெயரும் ஊரும் அடையாளமும் எழுதப்பட்டன. கையிலிருந்த சரக்குக்கும் பணத்துக்கும் ஜகாத் கேட்கப்பட்டது. பொருள் ஓராண்டு முழுவதும் ஒருவரின் உடைமையில் இருந்த பின்னரே அதற்கு ஜகாத் கடமையாகும் என்பது மார்க்கச் சட்டம். அந்த ஓராண்டு நிறைவுற்றதா என்று எவரும் வினவவில்லை. வழிச்செலவுக்கு மட்டுமே பொருள் கொண்டுவந்த ஹாஜிகளின் இடைக்கச்சைகளிலும் கைவிட்டுத் தேடினர்; வேறெதுவும் மறைத்து வைக்கவில்லை என்று சத்தியமும் வாங்கினர். அந்த நெரிசலில் பலருடைய பொருள்கள் காணாமற் போயின.

இதே இப்னு ஜுபைர் அதே நகரத்தைப் பற்றி எழுதியுள்ள மற்றொரு செய்தியும் கருதத்தக்கது. வெளியூரிலிருந்து வருவோர் தங்குவதற்கும் கற்பதற்கும் அங்கே இடங்கள் இருந்தன. குளிக்க ஹம்மாம்கள் இருந்தன. நோயுற்றால் பார்க்க மருத்துவமனை இருந்தது. வழிப்போக்கர்களுக்கு நாள்தோறும் ரொட்டி வழங்கப்பட்டது. இவ்வளவையும் ஏற்படுத்தியவர் சுல்தான் ஸலாஹுத்தீன் ஐயூபி. செங்கடல் கரையிலுள்ள ஐதாபில் ஹாஜிகளிடம் தலைக்கு ஏழரை தீனார் வாங்கிவந்த கொடிய வரியை நீக்கி, அதனால் மக்கா அமீருக்கு ஏற்பட்ட இழப்பைப் பொன்னும் தானியமும் கொடுத்து ஈடுசெய்தவரும் அவரே. துறைமுகத்தில் நடப்பது சுல்தானுக்குத் தெரிந்தால் அதை ஒழித்திருப்பார் என்றே இப்னு ஜுபைர் நம்பினார். ஆயினும் நம் சிந்தனைக்குரியது ஒன்று உண்டு. நல்ல மன்னர் ஆணையிட்டு ஒரு வரியை நீக்கிவிடலாம். வாயிலில் நிற்கும் அலுவலரின் கையைத் தடுப்பதற்கு அந்த ஆணை மட்டும் போதாது. அயலார் ஒரு நாட்டை முதலில் காண்பது அதன் மருத்துவமனையில் அன்று, சுங்கத் துறையில்தான்.

இதற்கு மாறான காட்சியை ஹிஜ்ரி 846இல் (கி.பி. 1442) கோழிக்கோட்டுக்கு வந்த அப்துர் ரஸ்ஸாக் ஸமர்கந்தி பதிவு செய்துள்ளார். ஹிராத்திலிருந்து ஆண்ட ஷாருக்கின் தூதராக வந்த அவருக்கு அவ்வூர் வாழ்க்கை உவப்பாக இல்லை. ஆனாலும் அங்கு நிலவிய நீதியையும் பாதுகாப்பையும் அவர் மனமாரப் புகழ்கிறார். வணிகர் தம் சரக்கைத் தெருவிலும் கடைவீதியிலும் இறக்கி வைத்துவிட்டுக் கவலையின்றிச் செல்லலாம். சுங்க அலுவலரே அதைக் காவல் காப்பர். சரக்கு விற்றால் நாற்பதில் ஒரு பங்கு தீர்வை. விற்காவிட்டால் எதுவும் இல்லை. திசைமாறி வந்தடையும் கப்பலைச் சூறையாடும் வழக்கம் பிற துறைமுகங்களில் இருந்தது. கோழிக்கோட்டில் அது இல்லை. சாமூதிரி மன்னரின் அந்தத் துறைமுகத்தைப் பல நாட்டு முஸ்லிம் வணிகர்களும் நாடி வந்ததற்கு மிளகு மட்டும் காரணமன்று. தீர்வை இவ்வளவுதான் என்ற உறுதியும் ஒரு காரணம்.

ஒரு துறைமுகத்துக்குப் பொருந்துவது ஒரு நாட்டுக்கும் பொருந்தும் என்பதைக் கெய்ரோ காட்டுகிறது. தூனிஸில் 1332இல் பிறந்த இப்னு கல்தூன், 1377இல் எழுதிய முகத்திமாவில், அநீதி நாகரிகத்தை அழிக்கும் என்று தனி அத்தியாயமே வகுத்தார். உழைத்து ஈட்டியது பறிபோகும் என்று அறிந்த மக்கள் உழைப்பதையே விட்டுவிடுவர் என்பது அவர் வாதத்தின் சாரம். பின்னர் கெய்ரோவில் மாலிகி மத்ஹபின் காழியாகி, நீதிமன்றச் சாட்சியாளரிடையே மலிந்திருந்த முறைகேட்டை அவர் ஒடுக்க முயன்றார். ஓராண்டளவிலேயே பதவி இழந்தார்.

அவருடைய விரிவுரைகளைக் கேட்டவர் வரலாற்றாசிரியர் அல்-மக்ரீஸீ. கெய்ரோவின் கடைவீதிகளைக் கண்காணிக்கும் முஹ்தஸிபாகப் பணியாற்றியதால் விலைவாசியின் உள்ளோட்டத்தை நேரில் அறிந்தவர். எகிப்தைப் பஞ்சமும் கொள்ளைநோயும் வாட்டிய காலத்தை அடுத்து, 1405இல் அவர் ஒரு சிறுநூல் எழுதினார். நைல் நதி பொய்த்ததை அவர் மறுக்கவில்லை. ஆனால் துன்பம் நீடித்ததற்கு மூன்று காரணங்களைச் சுட்டினார்: பதவிகள் கைக்கூலிக்கு விற்கப்பட்டமை, நிலக் குத்தகை உயர்ந்தமை, செப்புக்காசு பெருகிப் பணத்தின் மதிப்புக் குலைந்தமை. அமைச்சர் பதவியும் காழி பதவியும் முஹ்தஸிப் பதவியும்கூட விலைக்குப் போயின. பதவியை வாங்கியவர் கடன்பட்டே வாங்கினார். கடனை அடைக்கத் தம்கீழ் இருந்தவரைப் பிழிந்தார். அவர் தமக்குக் கீழுள்ளவரைப் பிழிந்தார். இறுதியில் சுமை உழவர் தலைமீது இறங்கியது. உழவர் ஊரைவிட்டு ஓடினர்; நிலம் தரிசாயிற்று; விளைச்சல் குன்றி விலை ஏறியது. கைக்கூலி தனிமனிதரின் ஒழுக்கக்கேடு மட்டுமன்று, பொருளாதாரத்தையே உருக்குலைக்கும் விசை என்பதை அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பே விளக்கிய நூல் அது.

இப்னு கல்தூன் பிறந்த துனீசிய மண்ணிலேயே அவர் கூற்று நம் காலத்தில் மெய்ப்பட்டது. 1987 முதல் ஆண்ட பின் அலீயின் காலத்தில் அந்நாடு ஐரோப்பியர் விரும்பிச் செல்லும் சுற்றுலாத் தலமாக விளங்கியது. 2010இல் மட்டும் ஏறத்தாழ 69 லட்சம் பேர் வந்தனர். கடற்கரைகள் நிறைந்திருந்தன, வளர்ச்சிக் கணக்குகளும் பாராட்டப்பட்டன. ஆனால் அதிபரின் குடும்பத்தோடு தொடர்புடைய சுமார் 220 நிறுவனங்கள் தனியார் துறை இலாபத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஈட்டி வந்ததை 2014இல் வெளியான உலக வங்கி ஆய்வு வெளிப்படுத்தியது. வான்வழிப் போக்குவரத்து, தொலைத்தொடர்பு போன்ற துறைகளில் பிறர் எளிதில் நுழையவியலாதபடி அனுமதி விதிகளே அரணாயின. 2010 டிசம்பர் 17இல் சீதி பூஸீத் நகரில் தள்ளுவண்டி வணிகர் முஹம்மத் பூஅஸீஸீ, தம் பொருள்கள் பறிக்கப்பட்ட வேதனையில் தமக்குத்தாமே தீயிட்டுக்கொண்டார். 2011 ஜனவரி 14இல் பின் அலீ நாட்டைவிட்டு ஓடினார். அவ்வாண்டு வந்த பயணிகளின் தொகை 48 லட்சமாகச் சரிந்தது. அண்டை நாடான லிபியாவின் போரும் அதற்குத் துணைக்காரணம் என்பது உண்மையே. ஆயினும் துனீசியாவின் கொந்தளிப்பு உள்ளிருந்தே பிறந்தது.

எனவே பயணிகளின் தொகையைக் கொண்டு மட்டும் ஒரு நாட்டின் நலத்தை அளந்துவிட முடியாது. விடுதியின் சாளரத்திலிருந்து காணும் கடல், தள்ளுவண்டிக்காரரின் துயரைக் காட்டுவதில்லை. இஸ்கந்தரிய்யாவில் மன்னரின் கொடையையும் அலுவலரின் கொடுமையையும் ஒரே பயணி பதிவு செய்தார். ஹஜ்ஜுக்கும் கல்விக்கும் பிழைப்புக்குமாக நாடு கடந்து செல்லும் சமுதாயத்தினர் நாம். வாயிலில் நிற்பவரின் கை எப்படிப்பட்டது என்பதை அறிந்தவர்கள். நம்முள் சிலர் அவ்வாயிலின் மறுபுறத்தில், கோப்பும் முத்திரையும் கையில் கொண்டு அமர்ந்திருக்கிறோம். அப்படி அமர்ந்திருப்போர் மக்ரீஸீ காட்டிய அந்தச் சங்கிலியில் தாம் எத்தனையாவது கண்ணி என்று எண்ணிப் பார்ப்பது நலம்.