எல்லை தாண்டிய மகிழுந்துகள்: இலண்டன் முதல் ஜொகூர் கடற்பாலம் வரை



பள்ளி விடுமுறை நெருங்கினால் ஆசிரியர் அறையில் பயணப் பேச்சு களைகட்டிவிடும். ஐரோப்பாவில் மகிழுந்தை வாடகைக்கு எடுத்து நான்கைந்து நாடுகளைச் சுற்றிவர விரும்பும் இளம் ஆசிரியர் இருவர், என்னென்ன ஆவணங்கள் தேவை என்று என்னிடம் கேட்டனர். வரலாறு கற்பிப்பவனிடம் கேட்டால் விடை வரலாற்றிலிருந்துதானே வரும்! அவர்களிடம் கூறியதைச் சற்று விரித்து இங்கே எழுதுகிறேன்.

1955 செப்டம்பர் 1ஆம் நாள், ஆக்சுபோர்டு, கேம்பிரிட்சு பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த ஆறு இளைஞர்கள் இரண்டு இலேண்ட் ரோவர் வண்டிகளில் இலண்டனிலிருந்து புறப்பட்டனர். வண்டிகளின் பெயர்களும் ஆக்சுபோர்டு, கேம்பிரிட்சு என்பனவே. சிங்கப்பூர் வரை தரைவழியே ஓட்டிச் செல்வது அவர்களின் குறிக்கோள். ஐரோப்பா, மத்திய கிழக்கு, இந்தியா, பர்மா, சயாம், மலாயா எனக் கடந்து 1956 மார்ச் 6ஆம் நாள் சிங்கப்பூரை அடைந்தனர். ஆறு மாதமும் ஆறு நாளும் ஆயின. குழுவில் ஒருவரான டிம் சிலெசர் இப்பயணத்தைப் பின்னர் நூலாக எழுதினார்.

காட்டையும் ஆற்றையும் கடந்த அவர்களுக்கு இன்னொரு தடையும் இருந்தது. அதுதான் தாள். அக்காலத்தில் மகிழுந்தோடு எல்லை தாண்ட விரும்பியவர் மூன்று வகை ஏற்பாடுகளைச் செய்தாக வேண்டும். முதலாவது, ஆளுக்குரிய கடவுச்சீட்டும் விசாவும். இரண்டாவது, வண்டிக்குரிய ‘கார்னே’ என்னும் சுங்க ஏடு. இதை வண்டியின் கடவுச்சீட்டு எனலாம். ஒரு நாட்டிற்குள் கொண்டுசென்ற வண்டியை அங்கேயே விற்றுவிடாமல் திரும்ப வெளியே கொண்டுவருவோம் என்பதற்கு வாகனச் சங்கங்கள் அளிக்கும் உறுதி அது. தவறினால் இறக்குமதி வரி கட்ட நேரிடும். மூன்றாவது, ஓட்டுநர் உரிமமும் காப்புறுதியும். 1949ஆம் ஆண்டு ஜெனிவா சாலைப் போக்குவரத்து உடன்பாடு பன்னாட்டு ஓட்டுநர் அனுமதிக்கு வடிவம் தந்தது. ஐரோப்பாவில் ஒரு நாட்டின் காப்புறுதியை மறுநாடு ஏற்கும் ‘பச்சை அட்டை’ முறை 1953 சனவரி 1இல் தொடங்கியது.

இத்தனை எல்லைகளைக் கடந்த அவ்விரு வண்டிகளும் இறுதியாகக் கடந்த நீர், நம் ஜொகூர் நீரிணை. ஒரு காலத்தில் இரயில் பெட்டிகளையே படகில் ஏற்றிக் கடத்திய இடம் அது. 1919இல் தொடங்கிய கடற்பாலப் பணி 1923இல் நிறைவுற்று, சரக்கு இரயில்கள் ஓடத் தொடங்கின. 1924 சூன் 28இல் அதிகாரப்பூர்வத் திறப்பு விழா நடந்தது. நீளம் ஏறத்தாழ 1,056 மீட்டர். பின்வாங்கிய பிரிட்டிசுப் படை 1942 சனவரி 31இல் அதன் ஒரு பகுதியைத் தகர்த்ததும், சப்பானியர் விரைவிலேயே அதைச் சீர்செய்து கடந்ததும் நம் மாணவர்களும் அறிந்த செய்தியே.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவ்விளைஞர்கள் வந்த 1956இல் இப்பாலத்தில் சுங்கச் சோதனை உண்டு. ஆனால், இக்கரை மக்கள் அக்கரை செல்லக் கடவுச்சீட்டு தேவைப்படவில்லை. சிங்கப்பூர் 1965 ஆகசுட்டு 9இல் தனிநாடான பிறகு, 1967இல்தான் கடவுச்சீட்டுச் சோதனை நடைமுறைக்கு வந்தது. பாலம் கட்டி நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கடந்த பின்னரே அதன் நடுவே எல்லை எழுந்தது.

ஐரோப்பாவில் இதற்கு நேர்மாறாக நடந்தது. 1984இல், எல்லைகளில் நாட்கணக்கில் காத்துக் கிடந்து சலித்த சரக்குந்து ஓட்டுநர்கள் சாலைகளை மறித்துப் போராடினர். அவ்வாண்டு சூலையில் பிரான்சும் மேற்கு செருமனியும் தம் எல்லைச் சோதனைகளைத் தளர்த்த உடன்பட்டன. மறு ஆண்டு, 1985 சூன் 14இல், இலக்சம்பர்க்கின் செங்கன் சிற்றூரில் மோசெல் ஆற்றின்மீது நின்ற கப்பலொன்றில் ஐந்து நாடுகள் கையொப்பமிட்டன. 1995 மார்ச் 26இல் ஏழு நாடுகளிடையே சோதனை நீங்கியது. இன்று செங்கன் வட்டத்தில் 29 நாடுகள் உள்ளன. அவற்றுள் சில அவ்வப்போது தற்காலிகச் சோதனையை மீண்டும் கொண்டுவருவதும் உண்டு.

2019இல் பழைய ‘ஆக்சுபோர்டு’ வண்டி மீண்டும் புறப்பட்டது. அட்லாண்டிக்கின் செயிண்ட் எலனா தீவில் கிடந்த அதை மீட்டுப் புதுப்பித்திருந்தனர். இம்முறை சிங்கப்பூரிலிருந்து இலண்டனுக்கு. 87 வயதான சிலெசரே செல்வதாக இருந்து, உடல்நலம் குன்றியதால் அவர் பேரன் அவரிடத்தில் அமர்ந்தார். ஆகசுட்டு 25இல் கிளம்பி 111 நாள்களில், திசம்பர் 14இல் இலண்டன் சேர்ந்தனர். அன்று தாத்தாவின் குழு கடைசியாகக் கடந்த ஜொகூர் நீரிணை, பேரனுக்கு முதல் கடவுச்சீட்டு எல்லை. அன்று தாத்தா நாட்டுக்கு நாடு தாளை நீட்டிய மேற்கு ஐரோப்பாவில், பேரன் காலத்துக்குள் பெரும்பாலான எல்லைச் சாவடிகள் ஓய்ந்துவிட்டன.

ஆகவே ஐரோப்பா செல்லும் என் நண்பர்களுக்குத் தேவையானவை குறைவே. மலேசியக் கடவுச்சீட்டுக்கு 180 நாளில் 90 நாள் வரை அங்கே விசா வேண்டியதில்லை. சாலைப் போக்குவரத்துத் துறையில் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியைப் பெற்றுக்கொள்ள வேண்டும். வண்டியை எந்தெந்த நாட்டிற்குள் கொண்டுசெல்லலாம், காப்புறுதி எதுவரை செல்லும் என்று வாடகை நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குவது நலம். சுவிட்சர்லாந்து, ஆசுதிரியா நெடுஞ்சாலைகளுக்குக் கட்டண வில்லை தனியே உண்டு. வலப்புறம் ஓட்ட வேண்டும் என்பதையும் மறத்தலாகாது.

ஆனால், நம் வாசலில் உள்ள எல்லைக்கோ ஏற்பாடு மிகுதி. 1991 முதல், சிங்கப்பூர் வண்டிகள் முக்கால் கலன் எரிபொருள் இல்லாமல் அக்கரையிலிருந்து வெளியேற முடியாது. 2025 சூலை 1 முதல், நுழைவு அனுமதி இல்லாத சிங்கப்பூர் வண்டிகளுக்கு நம் நாடு தண்டம் விதிக்கிறது. இவற்றைக் குறையாகச் சொல்லவில்லை. இரு நாடுகளின் எரிபொருள் விலையும் வரியும் குடிநுழைவுச் சட்டமும் வேறு வேறு. செங்கன் நாடுகள் பொது விசாவையும் வெளியெல்லைக் காவலையும் காவல்துறைத் தகவல் பகிர்வையும் ஏற்படுத்திய பிறகே கதவைத் திறந்தன. கதவு மட்டும் தனியே திறப்பதில்லை.

என் வகுப்பில் பல பிள்ளைகளின் தந்தையர் விடியுமுன்னே மோட்டார் சைக்கிளில் பாலம் ஏறுகின்றனர். பிள்ளை எழும்போது அப்பா இல்லை. அப்பா திரும்பும்போது பிள்ளை உறங்கிவிடுகிறது. அவர்களுக்கு எல்லை என்பது வரைபடக் கோடன்று. நாள்தோறும் வரிசையில் கரையும் நேரம். 2024இல் தொடங்கிய கியூஆர் குறியீட்டுச் சோதனையும், 2025 சனவரியில் கையெழுத்தான ஜொகூர்–சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டல உடன்பாடும் அந்த நேரத்தில் சிறிதேனும் மீட்டுத் தந்தால் அதுவே பெரிது.

நீரிணை இயற்கை தந்தது. பாலமும் சாவடியும் மனிதர் வைத்தவை. 1984இல் வரிசையில் நின்ற ஓட்டுநர்களின் சலிப்பு ஒரு கண்டத்தின் எல்லைகளையே அசைத்தது. நம் வரிசையில் நிற்பவர்களின் சலிப்பும் ஒரு நாள் கேட்கப்படும் என்று நம்புவோம்.

அன்புடன்,
ஜொகூரிலிருந்து ஓர் ஆசிரியன்