பளபளப்பைப் பார்க்காதே, நம்பர் பிளேட்டைப் பார்!

பழைய கார் ரேலிக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் ஒரே படத்தைத்தான் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். ஓரத்திலிருந்து முழுக் காரும் தெரிய ஒன்று, பக்கத்தில் பிள்ளையை நிறுத்தி ஒன்று. அழகான படங்கள்தான். ஆனால் இருபது வருஷம் கழித்து "இது எந்த வண்டி, யாருடையது?" என்று ஒருவர் கேட்டால் அவை வாய் திறக்காது.

எனக்கோ கடன் பிரிவில் உட்கார்ந்து பழகிய புத்தி. வீட்டுக் கடன் என்றால் மூலப்பத்திரம், வண்டிக் கடன் என்றால் ஆர்.சி.யும் சேசிஸ் நம்பரும். தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து சேசிஸ் நம்பரைப் பிரதி எடுப்பார்களே, அந்த ஞாபகம் ரேலியிலும் போவதில்லை. கொல்கத்தாவுக்கு மாற்றலாகி வந்தபிறகு குளிர்காலத்தில் இது ஒரு பைத்தியமாகவே ஆகிவிட்டது. (வீட்டில் இதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறார்கள், அது இங்கே வேண்டாம்.)

ஸ்டேட்ஸ்மன் பத்திரிகை நடத்தும் விண்டேஜ் கார் ரேலி 1964-ல் டெல்லியில் தொடங்கியது, பிறகு கல்கத்தாவுக்கும் வந்தது. டெல்லி ரேலியின் பழைய நட்சத்திரம் கார்கூட இல்லை, 1914-ல் செய்த ஜான் மோரிஸ் தீயணைப்பு வண்டி. நிஜாம் ரயில்வேயில் வேலை பார்த்துவிட்டு ரயில் மியூசியத்துக்கு வந்து சேர்ந்தது. 'விண்டேஜ்' என்ற சொல்லுக்கே ஊருக்கு ஊர் கணக்கு வேறு. இங்கிலாந்தில் 1919 முதல் 1930 வரை என்று கறாராகச் சொல்வார்கள். நம் நாட்டு ரேலிகளில் 1939 வரை தாராளம்.

நம்பர் பிளேட் ஏன் முக்கியம் என்று நம்பாதவர்கள் இந்த ஊர் எல்ஜின் ரோட்டில் இருக்கும் நேதாஜி பவனுக்கு ஒருமுறை போய்வாருங்கள். அங்கே கண்ணாடிக்குப் பின்னால் ஒரு ஜெர்மன் வாண்டரர் கார் நிற்கிறது. எண் பி.எல்.ஏ. 7169. 1941 ஜனவரி 16 நள்ளிரவு தாண்டி, இன்ஷூரன்ஸ் ஆள் ஜியாவுதீன் என்ற வேஷத்தில் நேதாஜி இதில்தான் ஏறினார். ஓட்டியவர் அண்ணன் மகன் சிசிர் போஸ், அப்போது மருத்துவ மாணவர். கோமோ ஸ்டேஷன்வரை போய் விட்டுவிட்டு வந்தார். 2017-ல் அதைப் புதுப்பித்து பிரணாப் முகர்ஜி திறந்துவைத்தார். வாண்டரர் கார்கள் எத்தனையோ ஓடின. இது அந்த வாண்டரர் என்று சொல்ல அந்த மூன்று எழுத்தும் நாலு எண்ணும் வேண்டியிருக்கிறது. பி.எல். என்றால் பழைய வங்காள மாகாணம். நம் பக்கத்தில் எம்.டி., எம்.எஸ். என்று தொடங்கும். 1989-ல் புது மோட்டார் வாகனச் சட்டம் வந்தபிறகுதான் டி.என்., டபிள்யூ.பி. எல்லாம். பழைய பிளேட் இருந்தால் வண்டி முதலில் எந்த மாகாணத்தில் பதிவானது என்பது கையோடு தெரிந்துவிடும்.

போய்விட்ட வண்டிகளின் கதை வேறு. 1910-ல் மாத்யூசன் என்ற கல்கத்தா துரை இங்கிலாந்தின் ப்ரூக் கம்பெனியில் சொல்லி அன்னப்பறவை வடிவத்தில் ஒரு கார் செய்வித்தார். மூக்கிலிருந்து சுடுதண்ணீர் பீய்ச்சும், பின்னாலிருந்து சுண்ணாம்புத் தண்ணீர் கொட்டும் (பறவை என்றால் எல்லாமும் வேண்டாமா!). தெருவில் ஜனங்கள் அரண்டு ஓடியதால் போலீஸ் தடுத்தது. பிறகு நாபா மகாராஜாவிடம் போனது. 1991 முதல் நெதர்லாந்தின் லூமன் மியூசியம் வசம் இருக்கிறது. கல்கத்தா தெருவில் ஓடிய விசித்திரத்தைப் பார்க்க இன்று கல்கத்தாக்காரர் ஹேக் நகரத்துக்கு விமானம் ஏற வேண்டும்.

கார் ஊரை விட்டுப் போகாமலேயே சரித்திரம் போய்விடுவதும் உண்டு. இதுதான் எனக்கு அதிகம் உறுத்துவது. 'ரெஸ்டோரேஷன்' என்ற பெயரில் இங்கிலாந்துப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நம் வண்டியை அதைப்போல மாற்றுகிறார்கள். ஸ்டாண்டர்ட் ஹெரால்டை எடுத்துக்கொள்ளுங்கள். மெட்ராஸ் பக்கம் வண்டலூரில் 1961 முதல் செய்த கார், இங்கிலாந்தின் ட்ரையம்ப் ஹெரால்ட்தான் மூலம். அங்கே கடைசிவரை இரண்டே கதவு. நாலு கதவு வைத்தது நம்மவர்கள். மெட்ராஸ் தொழிற்சாலைக்காரர்கள் செய்த அந்தப் பின்கதவின் கைப்பிடி, கீல், ரப்பர் இதெல்லாம் எந்த இங்கிலீஷ் புத்தகத்திலும் இருக்காது. ரேலியில் ஒரு நாலு கதவு ஹெரால்ட் வந்தால் நான் பின்பக்கம் போய் உட்கார்ந்துவிடுவேன். மேலே ரோல்ஸ் ராய்ஸ் பின்னால் கூட்டம் ஓடிக்கொண்டிருக்கும்.

எப்படி எடுப்பது? கொடியசைப்புக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் போய்விடுங்கள். ஜனவரிப் பனியில் வெளிச்சம் மெத்தென்று இருக்கும். ஹெட்லைட் உயரத்துக்குக் குனியுங்கள். நின்றபடி எடுத்தால் வண்டி குள்ளமாகிவிடும். மிக அருகில் போய் வைட் லென்ஸில் எடுத்தால் மட்கார்டு பூசணிக்காயாக வீங்கும். முழு வண்டி ஒன்று, நம்பர் பிளேட், உரிமையாளர் சம்மதித்தால் பானட்டுக்குள் இருக்கும் கம்பெனித் தகடு, டேஷ்போர்டு, மைல் மீட்டர், கிழிந்த சீட் தோல். கிழிசலைக் கட்டாயம் எடுங்கள், அடுத்த வருஷம் அது இருக்காது. ஓடும்போது எடுக்க வேண்டுமானால் ஷட்டரை அறுபதில் ஒரு பங்குக்குக் குறைத்து வண்டியோடு சேர்ந்து கேமராவைத் திருப்புங்கள். சக்கரம் சுழல்வது தெரியும். பத்தில் எட்டு வீண், பரவாயில்லை.

ரேஸ் வண்டிகள் விஷயம் இன்னும் அவசரம். இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில் ஃபியட், ஹெரால்ட், அம்பாசடர் எஞ்சினை எடுத்து ஷெட்டில் தாங்களே வண்டி கட்டினார்கள். அவற்றைச் சோழவரத்தில், அந்தப் பழைய போர்க்கால விமான ஓடுதளத்தில் ஓட்டினார்கள். இங்கே கல்கத்தாவில் அலிப்பூர், பாரக்பூர் ஓடுதளங்கள். ஒரு சீசனில் இருந்த எஞ்சின் அடுத்த சீசனில் இருக்காது, பாடி வேறாகும், பிறகு எல்லாம் பழைய இரும்புக்குப் போகும். 1990-ல் இருங்காட்டுக்கோட்டை டிராக் வந்தபிறகு சோழவரமே ஓய்ந்தது. அந்த வண்டிகளில் பலவற்றுக்கு மிஞ்சிய சாட்சி வீட்டு ஆல்பங்கள்தான். உங்கள் அப்பாவோ மாமாவோ பிப்ரவரியில் சோழவரம் போனவரா? அடுத்த லீவில் ஊருக்குப் போகும்போது பரணைத் தேடுங்கள். படத்தின் பின்னால் பேனாவில் ஏதாவது எழுதியிருந்தால் அந்தப் பின்பக்கத்தையும் சேர்த்து ஸ்கேன் செய்யுங்கள்.

அரசாங்கம் 2021 ஜூலையில் ஐம்பது வருஷத்துக்கு மேலான வண்டிகளுக்கென்று தனி விதி கொண்டுவந்தது. ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். புதிதாகப் பதிபவருக்கு 'வி.ஏ.' எழுத்தோடு புது எண், இருபதாயிரம் ரூபாய் கட்டணம். என் கணக்கில் நல்ல காரியம். பேப்பர் தொலைந்த வண்டிக்கு மட்டும் வருத்தம், அதன் மாகாண எழுத்து அத்தோடு அழிந்தது. எங்காவது ஒரு ரேலிப் படத்தில் அது பதிந்திருந்தால் உண்டு.

அம்பாசடரை யாரும் சரித்திரமாக நினைக்கவில்லை, தெருவெல்லாம் கிடந்ததல்லவா. உத்தரபாராவில் 2014-ல் உற்பத்தி நின்றது. பதினைந்து வருஷம் தாண்டிய வாடகை வண்டி கொல்கத்தாவில் ஓடக்கூடாது என்ற கட்டுப்பாடு 2009-ல் அமலுக்கு வந்தது. கூட்டிப் பாருங்கள், அந்தக் கணக்கில் அம்பாசடர் டாக்ஸிக்கு 2029-க்கு மேல் வழியில்லை. 2024-ல் ஒருநாள் எங்கள் கிளைக்கு எதிரே டீ குடித்துக்கொண்டிருந்த பிகார்க்கார டிரைவர் ஒருவரிடம் கேட்டேன். பானட்டைத் திறந்து பிடித்துக்கொண்டார். தகட்டின் அழுக்கை அவரே துணியால் துடைத்துவிட்டார். நான் நாலு படம் எடுத்து முடிக்கும்வரை பொறுமையாக நின்றுவிட்டுக் கேட்டார்: "சார், நீங்க இன்ஷூரன்ஸ் ஆளா?"